சூளைமேடு விடுதி, விளக்குக் கணக்கு

பழைய குழல் நாற்பது வாட்.
சோக்கு தனியே பன்னிரண்டு தின்னும்,
அதை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதினேன்.
புதுசு இருபது.
விளக்கு ஒன்றுக்கு மிச்சம் முப்பத்திரண்டு.
விளக்குகள் முப்பத்தெட்டு.
இதுவரைக்கும் கால்குலேட்டரே போதும்.

அடுத்த கட்டத்தின் தலையில்
‘தினம் எத்தனை மணி நேரம்’ என்று எழுதிவிட்டு
பேனாவை மூடி வைத்தேன்.
ஏழு என்று போடு என்றார் முதலாளியம்மா,
போனிலேயே, குக்கர் விசிலுக்கு நடுவில்.

ஏழு யாருடைய இரவு?

ஆறாம் அறை ஜெபசெல்வி நர்ஸ்.
நைட் டூட்டி வாரத்தில் பூஜ்யம்,
பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்குவாள்.
மறுவாரம் ஐந்து.
அவளுக்கு எதிர்க்கட்டில் நூர்நிஷா,
குரூப் டூ படிக்கிறாள், விடிகாலை மூன்று வரை எரியும்.
மூன்றாவது கட்டில்காரி துப்பட்டாவை எட்டாய் மடித்துக்
கண்ணில் போட்டுக்கொண்டு கேட்டாள்:
“நான் குடுக்கற வாடகையில
இருட்டுக்கும் சேர்த்துத்தானேக்கா?”

பன்னிரண்டாம் அறை அஞ்சலாட்சி
தி.நகர் துணிக்கடையில் பதினோரு மணி நேரம் நின்றுவிட்டு
பத்தே முக்காலுக்கு வருவாள்.
மற்ற மூவரும் தூங்கியிருப்பார்கள்.
சுவிட்சைத் தட்டினால்
குழல் நாலு தரம் இமைக்கும், ஸ்டார்ட்டர் கடகடக்கும்,
யாராவது ‘ச்சு’ என்பார்கள்.
அதனால் தட்டுவதில்லை.
செல்போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் பொத்தி
நைட்டியைத் தேடுகிறாள், எட்டு மாதமாக.
அவளுக்கு எதிரே என்ன எண் போட?

மாடிப்படி விளக்கு பத்து மணிக்கு அணைய வேண்டும்,
சுவரில் சிவப்புப் பெயிண்டில் சட்டம்.
அணைப்பது நான்தான்.
முக்கால் மணி நேரம் கழித்து
அவள் செருப்பு ஏறிவரும்.
இரண்டாம் வளைவில் ஒரு நிறுத்தம்.
அங்கே ஒரு படி உடைந்திருக்கிறது,
காலால் தடவிக் கண்டுபிடிக்கிறாள்.

சரி, ஏழே இருக்கட்டும்.
அறுபது நாளைக்கு ஐந்நூற்றுப் பத்து யூனிட்.
யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால்
பில்லுக்கு ஐயாயிரத்து நூறு.
பாரிமுனையில் குழல் இருநூற்று முப்பது,
மாட்டுகிற கூலி நாற்பது,
இரண்டு பில்லில் போட்ட காசு வந்துவிடும்.

பிறகு, யாரும் கேட்காத ஒரு வரி சேர்த்தேன்.
மாடிப்படி, மூன்று விளக்கு,
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
கழிக்க வேண்டியது இருநூற்று எண்பத்தெட்டு ரூபாய்.
இரண்டு மாதத்துக்கு.
ஒரு கணுக்காலுக்கு இது அதிகமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

முதலாளியம்மா கடைசி எண்ணை மட்டும் பார்த்தார்.
“நாலாயிரத்து எண்ணூறா? பரவாயில்லையே.”
கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாட்டினார்கள்.
கழற்றிய குழல்களைத் தண்ணீர்த் தொட்டியோரம்
கரும்புக்கட்டு மாதிரி சாய்த்து வைத்தோம்.

முதல் பில் வந்தது.
குறைந்தது மூவாயிரத்துச் சொச்சம்தான்.
“மீதி எங்கடி போச்சு?”
மின்விசிறி, வெந்நீர், மழை என்று
எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.
சொல்லாதது:
குளியலறையில் எரிகிறது, துணி காயும் இடத்தில் எரிகிறது,
கேட்டால் “எல்.இ.டி. தானேக்கா” என்கிறார்கள்.
கஞ்சத்தனம் பண்ணிப் பண்ணிச் சலித்த பிள்ளைகள்.

அப்புறம் பன்னிரண்டாம் அறை.
புது விளக்கு சத்தமில்லாமல் பிடிக்கிறது.
பத்தே ஐம்பதுக்குக் கதவடியில் ஒரு வெள்ளைக் கோடு.
நைட்டி, சீப்பு, ஒரு மடக்குத் தண்ணீர்.
அணைந்துவிடும்.
ஒரு நிமிஷம், இருபது வாட்.
என் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்,
பைசாவுக்குக்கூட வரவில்லை.